கடைசி லொறி

சம்மாந்துறை ஆலையில் நெல் நிறுக்கும் தராசு
பொய் சொல்கிறதாம்.
பொய்யில்லை, பிந்திச் சொல்லுது
என்றார் ஹாஜியார்.
இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்
கேற்றடியில் உறுமிக்கொண்டு நின்றன உழவு இயந்திரங்கள்.

மாசிக் கடைசி. பெரும்போக வெட்டு.
கல்லாற்றிலிருந்து வந்த நான்
ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை,
"புள்ள, வயர மாத்து, சரிவரும்" என்றார் காவலாளி.
மாற்றினேன். சரிவரவில்லை.
சுவிட்சையும் மாற்றினேன்.
தராசடியிலிருந்து கந்தோர் வரை
எலி கடித்த இடம் தேடிக் குனிந்தே நடந்தேன்.
எலிகளுக்கு நெல் இருந்தது, கேபிளை
எவையும் தொடவில்லை.

பில் அடிக்கும் ஸப்ரினா சொன்னாள்:
"இவர் ஏறினா இவர்ட நம்பர் வராதக்கா.
அடுத்தவர் ஏறினாத்தான்
முந்திப் போனவர்ட நம்பர் வரும்."
முறைப்பாடு என்று நினைத்துத் தலையாட்டினேன்.
அதுதான் விடை என்று விளங்கும்போது
மணி நாலு.

வரிசையில் வேறு கதை ஓடியது:
உள்ளுக்கு ஓராள் இருந்து கிலோவைக் குறைக்கிறானாம்,
அதற்குத்தான் இவ்வளவு நேரமாம்.

பிங் அனுப்பினேன், நொடிக்கு ஒன்று.
பதில் வர ஆயிரம் மில்லிசெக்கன்.
மறுகாலும் ஆயிரம்.
அறுபது மீட்டர் கம்பிக்கு ஒரு முழு நொடி!
அதற்குள் ஒளி
நிலவுக்குக் கிட்டப் போய்விடும்.
பழுதென்றால் தடுமாறும்,
எழுநூறு என்னும், நாற்பது என்னும், இடையில் காணாமற்போகும்.
இது பொய்ச்சாட்சி போல
கேட்ட நேரமெல்லாம் ஒரே எண்ணைச் சொன்னது.

நொடிக்கு ஐந்தாக அனுப்பிப் பார்த்தேன்.
இருநூறு.
பத்தாக.
நூறு.

கொஞ்ச நேரம் கையை மேசையில் வைத்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

வழியில் தாமதமே இல்லை.
சொன்ன நேரத்துக்கு வாசல்வரை வந்துவிடுகிறது செய்தி.
உள்ளே குரல் கொடுக்க வேண்டிய நெட்வேர்க் கார்ட்
மறந்துபோய் நிற்கிறது.
அடுத்தது வந்து முதுகில் இடித்தால்தான்
முந்தியது உள்ளே விழும்.

பிங் ஓட ஓட
பில்களும் தடையில்லாமல் விழுந்தன.
"அப்ப அத அப்பிடியே ஓட உடுங்க மகள்,
செலவில்லாத வேல" என்றார் ஹாஜியார்.
நிறுத்திக் காட்டினேன்.
பிரிண்டர் ஊமையாயிற்று.

திடீரென்று உறைத்தது.
"ராவைக்குக் கடைசியா ஏறுறவருக்கு?"
ஸப்ரினா குரலைத் தாழ்த்தினாள்:
"அவருக்கு விடியத்தான் அக்கா.
காலம முதல் லொறி ஏறோணும்."

நேற்றுக் கடைசி, சொறிக்கல்முனைச் சூசைநாயகம்.
பின்னால் இடிக்க ஒருவரும் இல்லாமல்
அவருடைய மூவாயிரத்து நானூற்றுப் பத்துக் கிலோ
இரவு முழுக்க அந்த வாசலில் கிடந்திருக்கிறது.
அவரும் கேற்றடியில்,
வெறும் பெட்டிக்குக் கீழே, நுளம்போடு.
விடிய வந்த பில்லை அவர் வாங்கவில்லை.
"ஒரு ராத்திரி எங்க போயிற்று வந்தது என்ர நெல்லு?"
காலையிலிருந்து அந்த ஒரு கேள்விதான்.

இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க் கார்ட்.
ஒரே ஒரு ஆணி.
கழற்றியதை அவர் கையில் வைத்தேன்.
தபால்காரன் வந்தவன், மணி அடிக்கவில்லை என்றேன்.
பச்சைத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பதரா மணியா என்று பார்ப்பதுபோல.

ஆலை மூடும் நேரம்.
எல்லா லொறியும் போகும்வரை காத்திருந்து
தன் வெறும் பெட்டியைத் தராசில் ஏற்றினார்.
ஏறினாரோ இல்லையோ, எண் விழுந்தது.
அவர் திரும்பிப் பார்த்தார்.
பின்னால் தெருநாய்கூட இல்லை.

இரண்டு பில்லையும் மடித்துச்
சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"வெறும் பெட்டியெண்டாக் கெதியாத்தான் சொல்லுது."